கோணிய பெருவிரலும் சஸ்திர சிகிச்சையும்

மனித சரீரத்தின் பாரம் முழுவதையும், நடை பழகிய நாள் முதல் இறுதி நாள் வரையில், சுமந்து திரியும் பாதங்களைப் பற்றி, அவை வலியெடுத்து நம்மை ஓரிடத்தில் உட்கார வைக்கும் வரையில் நம்மில் பெரும்பாலோர் சிந்திப்பதே இல்லை. முகத்தில் ஒரு பரு தோன்றினால் கண்ணாடி முன் நின்று கவலைப்படுகிறவர்களும், காலின் பெருவிரல் ஆண்டுக்காண்டு அடுத்த விரலின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு உட்புறமாகப் புடைத்து, செருப்பு வாரில் உராய்ந்து சிவந்து காய்த்துப்போவதைக் கவனிக்காமலே காலந் தள்ளிவிடுகிறார்கள். கவனித்த பிறகோ, 'வயதானால் இப்படித்தான், ஒன்றும் செய்வதற்கில்லை' என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் ஒரு சாரார், 'எலும்பு வளர்ந்துவிட்டது, செதுக்கிவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்' என்று நம்பி வைத்தியரிடம் ஓடுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் தவறானவை. வைத்தியர்கள் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்றும், ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'பனியன்' என்றும் குறிப்பிடும் இந்தக் கோணலுக்குப் பரிகாரம் உண்டு. ஆனால் அந்தப் பரிகாரம் எதைத் தரும், எதைத் தராது, நோயாளியிடமிருந்து எதைக் கேட்கும் என்பவற்றை முன்கூட்டியே அறிந்துகொண்டவர்களுக்கே அது முழுப் பிரயோஜனத்தையும் அளிக்கிறது.

புடைப்பு எங்கிருந்து வருகிறது?

பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள், பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி நீளும் ஐந்து நீள எலும்புகளில், உட்புறத்தே அமைந்த முதலாவது எலும்பே மற்ற நான்கினும் தடித்தது. அதன் நுனியில்தான் பெருவிரல் பொருந்தியிருக்கிறது. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது குதிகால் மேலெழும்பி, உடலின் பாரம் முன்னோக்கிப் பெயர்ந்து, தரையை உந்தித் தள்ளும் அந்தக் கடைசி க்ஷணத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்வது இந்த மூட்டுத்தான். இந்நோயில் அந்த நீள எலும்பு தன் வரிசையை விட்டு உட்புறமாக விலக, பெருவிரல் அதற்கு எதிர்த்திசையில் இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. ஆகவே வெளியே புடைத்துத் தெரிவது பெரும்பாலும் புதிதாக முளைத்த எலும்பன்று. இடம்பெயர்ந்த பழைய எலும்பின் தலையே அது. அதன்மேல் செருப்பு உராய உராய, தோலுக்கும் எலும்புக்கும் நடுவேயுள்ள சிறு நீர்ப்பை வீங்கிச் சிவந்து வேதனை தருகிறது.

ஒரு முறை சாயத் தொடங்கிய விரல் தானாக நிமிர்வதில்லை. விரலை நேராகப் பிடித்திருக்க வேண்டிய தசைநாண்கள், விரல் சாய்ந்ததும் மூட்டின் மையத்தை விட்டு நழுவி, வில்லில் ஏற்றிய நாணைப் போல் ஒரு பக்கமாக இழுத்து நின்று, ஒவ்வோர் அடியிலும் அந்தச் சாய்வை மேலும் விருத்தி செய்கின்றன. பெருவிரல் தன் பங்கைச் செய்யாதுபோகவே, பாரம் இரண்டாம் விரலின் அடிப்பகுதிக்கு மாறி, அங்கே உள்ளங்காலில் தோல் தடித்துக் காய்ப்பு உண்டாகிறது. இரண்டாம் விரலோ கணு மடங்கி மேலெழும்பி, சிலருக்குப் பெருவிரலின் மேலேயே ஏறிப் படுத்துவிடுகிறது. மெட்டி அணியும் பெண்களுக்கு இதில் மற்றோர் உபத்திரவமும் உண்டு: சாய்ந்துவரும் பெருவிரல் மெட்டியின்மேல் அழுந்தி அழுந்தி, விரலிடுக்கில் தோல் வெளுத்துப் புண்ணாகிவிடும். அப்போது கழற்ற நினைத்தாலும் மெட்டி கழலாது.

பாதரட்சையும் பரம்பரையும்

இந்தக் கோணலுக்குப் பாதரட்சையைக் காரணமாகச் சொல்வதற்குத் தக்க ஆதாரங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் அருகிலும் உள்ள மத்திய காலத்து இடுகாடுகளிலிருந்து தோண்டியெடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையில் வாழ்ந்தோரில் 6 சதவீதத்தினருக்கே இருந்த இக்கோணல், 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதமாகப் பெருகியிருந்தது. இடையில் நேர்ந்த மாறுதல், நுனி கூராக நீண்ட காலணிகள் அந்நாட்டில் நாகரிகமாகப் பரவியதே. கிராமத்து இடுகாட்டில் 3 சதவீதத்தினருக்கே காணப்பட்ட இக்கோணல், நகரத்துத் துறவிகள் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களில் 43 சதவீதத்தினருக்கு இருந்தது. கூர்நுனியின் நீளம் எல்லை மீறவே, 1463-ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு மன்னர் அதைக் கட்டுப்படுத்திச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இக்கோணல் இருந்த முதியோரிடம் கீழே விழுந்ததால் ஏற்படும் எலும்பு முறிவுகளும் மிகுதியாகத் தென்பட்டன என்று அதே ஆய்வு கூறுவதை, வீட்டில் வயதானவர்களை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஹாங்காங்கில் காலணி அணியும் சீனர்களையும் வெறுங்காலோடு வாழும் சீனர்களையும் ஒப்பிட்டு 1958-இல் வெளியான ஆராய்ச்சியோ, முன்னவரில் 33 சதவீதத்தினருக்கும் பின்னவரில் 1.9 சதவீதத்தினருக்கும் இக்கோணல் இருந்ததாகக் கண்டது. வேற்றுமை பெரிதுதான், ஆயினும் ஆயுள் முழுதும் செருப்பே அணியாதவர்களிடத்தும் அது சிறிதளவு காணப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. பாதத்தின் அமைப்பு தாய்வழியிலும் தந்தைவழியிலும் இறங்கி வருகிறது. தட்டைப் பாதம், தளர்ந்த தசைநார்கள், ருமட்டாயிடு வாதம் ஆகியவையும் இதற்கு இடங்கொடுக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகமாக வருகிறது. எனவே, பாட்டிக்கும் தாய்க்கும் இக்கோணல் இருக்கும் குடும்பத்துப் பெண், கூர்நுனியும் உயர்ந்த குதியும் உள்ள செருப்பை நாள் முழுதும் அணிவது, வரக்கூடிய துன்பத்தை விரைவில் வரவழைப்பதாகும்.

சிகிச்சை யாருக்கு?

முதலில் செய்ய வேண்டியவை கத்தி இல்லாத உபாயங்களே. விரல்கள் விரிந்து படுக்க இடமுள்ள அகன்ற முன்பகுதி கொண்ட காலணி, புடைப்பின்மேல் மெத்தென்ற அட்டை, வலி மிகும் நாட்களில் ஐஸ் ஒத்தடம், வைத்தியர் தரும் வலி மாத்திரை, தட்டைப் பாதம் உள்ளவர்களுக்குச் செருப்பினுள் வைக்கும் தாங்கு அட்டை ஆகியவற்றால் பலருக்கு வேதனை தணிந்து, சிகிச்சையின் தேவையே எழாது போகிறது. இரவில் கட்டிக்கொள்ளும்படி விற்கப்படும் விரல் பட்டைகள் கட்டியிருக்கும் நேரத்தில் சற்றுச் சௌகரியம் தரலாம். வளர்ந்தவர்களின் எலும்பை அவை நிரந்தரமாக நிமிர்த்துவதில்லை.

இவ்வளவும் செய்த பின்னரும் அன்றாட நடைக்கே தடையாக வலி நிலைத்திருந்தால் சஸ்திர சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். பகலெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்தும் ஆசிரியை, மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரையில் நடக்க முடியாமல் வழியில் இரண்டிடத்தில் உட்கார்ந்து போகிறார் என்றால், அவருக்கு அது அவசியமாகலாம். வலியே இல்லாத காலை, கல்யாணத்துக்கு முன் அழகாக்க வேண்டும் என்று சொல்லி வருகிறவருக்கு, நல்ல வைத்தியர் 'வேண்டாம்' என்றே சொல்வார். ஏனெனில் வலியில்லாத காலில் கத்தி வைத்தால், இல்லாத வலியை உண்டாக்கிவிடும் அபாயம் மெய்யாகவே இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு, எலும்பு வளர்ச்சி முடியும் வரையில் பொறுத்திருப்பதே பொதுவான வழக்கம்.

வைத்தியர் முதலில் நோயாளியை வெறுங்காலோடு நிற்க வைத்தும் நடக்க வைத்தும் பார்ப்பார். எக்ஸ்ரே படத்தையும் நின்ற நிலையிலேயே எடுக்கச் சொல்வார். உடலின் பாரம் இறங்கும்போதுதான் கோணலின் உண்மையான அளவு வெளிப்படும். பெருவிரலின் சாய்வு 15 பாகைக்குள் இருப்பது இயல்பு. 40 பாகையைத் தாண்டினால் கடுமையானது. பிறகு பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று சோதிப்பார். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார். சர்க்கரை நோய் மலிந்த நம் நாட்டில் இச்சோதனை மிக முக்கியமானது. இரத்த ஓட்டம் குன்றிய காலிலும், சர்க்கரை கட்டுக்கடங்காத உடலிலும் புண் எளிதில் ஆறாது. அத்தகையோருக்கு, உராய்வைத் தவிர்க்கும், எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பரால் ஆன செருப்பே முதற் பாதுகாப்பு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களைக் காப்பதற்காகக் கையாண்ட அதே நுண்துளை ரப்பர்தான் இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்கிறது.

கத்தியின் வேலை

இக்கோணலுக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட சஸ்திர சிகிச்சை முறைகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. புடைப்பை மட்டும் செதுக்கிவிடும் முறையில், சாய்ந்த எலும்பு சாய்ந்தபடியே இருந்துவிடுவதால், கோணல் திரும்ப வந்துவிடுகிறது. ஆகவே இந்நாளில் அதைத் தனியாகச் செய்வது அபூர்வம். சாய்வு சிறிதாயின் நீள எலும்பின் தலைப்பகுதியை 'வி' வடிவில் அறுத்து வெளிப்புறமாக நகர்த்தும் செவ்ரான் முறையும், அதனினும் மிகுந்தால் எலும்பின் நடுத்தண்டை 'இசட்' வடிவில் நீளவாக்கில் அறுத்து நகர்த்தும் ஸ்கார்ப் முறையும் கையாளப்படுகின்றன. கோணல் மிகக் கடுமையாகவோ, பாதத்தின் நடுமூட்டுத் தளர்ந்தோ இருப்பின், 1934-இல் லாபிடஸ் என்ற சஸ்திர வைத்தியர் விவரித்த முறைப்படி அந்த நடுமூட்டையே நேராக்கி இணைத்துவிடுகிறார்கள். பெருவிரலின் எலும்பிலிருந்து சிறு ஆப்பு வடிவத் துண்டை எடுத்து விரலை நிமிர்த்தும் ஏக்கின் முறை, 1925 முதல், இவற்றுக்குத் துணையாக வழங்கி வருகிறது. மூட்டே தேய்ந்து வாதத்தால் அழிந்திருந்தால், பெருவிரல் மூட்டை அசையாமல் இணைத்துவிடுவதே வலி தீர வழி. ஆனால் அதன் பிறகு விரல் மேல்நோக்கி மடங்காது என்பதால், முழங்காலிட்டு விரல் மடக்கி உட்காருவதும் உயர்ந்த குதிச் செருப்பு அணிவதும் இயலாமற்போகும். அதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும்.

சஸ்திர சிகிச்சையன்று நிகழ்வது இதுதான். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். மெட்டியையும் நகப்பூச்சையும் வீட்டிலேயே அகற்றிவிடுவது நல்லது. விரல் வீங்கிய பின் மெட்டி கழலாமல் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், பூச்சோ நகத்தின் நிறத்தை மறைத்துவிடும். கணுக்காலைச் சுற்றியோ முதுகுத்தண்டிலோ ஊசி போட்டுக் காலை மரத்துப்போகச் செய்கிறார்கள். முழு மயக்கம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. இரத்தம் கசியாதபடி காலில் பட்டை இறுக்கி, பாதத்தின் உட்புற ஓரத்தில் சில அங்குலம் கீறி, மூட்டின் உறையைத் திறந்து, வெளிப்புறத்தே இறுகிக் கிடக்கும் தசைநாரைத் தளர்த்துகிறார்கள். பிறகு மெல்லிய ரம்பத்தால் எலும்பை அறுத்து, தலைப்பகுதியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, சிறு திருகாணிகளால் நிலைநிறுத்தி, மிச்சமாக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை மட்டம் செய்து, உறையை இழுத்துத் தைத்து, விரலை நேராகத் தாங்கும்படி கட்டுப் போடுகிறார்கள். பெரும்பாலும் சுமார் ஒரு மணி நேரத்து வேலை. அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். திருகாணிகள் உறுத்தினாலன்றி அவற்றை எடுக்க வேண்டியதில்லை.

சில மில்லிமீட்டரே உள்ள துவாரங்கள் வழியாக, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே சுழலும் சிறு கருவியால் எலும்பை அறுக்கும் நுண்துளை முறையும் இப்போது பரவி வருகிறது. தழும்பு சிறியது, ஆரம்ப நாட்களின் வலியும் குறையலாம். ஆனால் அறுபட்ட எலும்பு கூடும் காலம் தழும்பின் அளவைப் பொறுத்ததன்று. 'மூன்றே நாளில் பழையபடி நடக்கலாம்' என்ற விளம்பரத்தை எந்த முறைக்கும் நம்ப வேண்டியதில்லை.

வீடு திரும்பிய பின்

வைத்தியரின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிய, நோயாளியின் வேலை அதன் பிறகே தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களே வலியில் கடுமையானவை; மரத்த காலில் உணர்ச்சி திரும்புவதற்கு முன்பே மாத்திரையை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முதல் இரண்டு வாரங்கள் பெரும்பொழுதும் படுத்து, பாதத்தை மார்பு மட்டத்துக்கு மேலே தலையணைகளில் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். காலைத் தொங்கவிட்டதும் விரல்கள் நீலமும் சிவப்புமாகி விண்ணென்று தெறிப்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். உயர்த்தியவுடன் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கட்டு நனையாமல் பாலிதீன் உறை மாட்டி, நாற்காலியில் அமர்ந்து குளிக்க வேண்டும். அடி வளையாத விசேஷச் செருப்பு ஒன்று தரப்படும். செவ்ரான், ஸ்கார்ப் முறைகளில் அதை மாட்டிக்கொண்டு, குதிகாலில் பாரம் வைத்து, குளியலறைக்கும் சாப்பாட்டுக்குமாக அன்றே நடக்கவும் அனுமதிப்பதுண்டு. லாபிடஸ் முறையில் பாரம் வைக்கும் காலம் பெரும்பாலும் தள்ளிப்போகும்.

பாயில் படுத்தெழும் வழக்கமுள்ளவர்கள் இக்காலத்துக்குக் கட்டிலுக்கு மாறுவதும், குந்தி அமரும் கழிப்பறைக்குப் பதிலாக மேலைநாட்டுக் கழிப்பறையையோ கமோடு நாற்காலியையோ ஏற்பாடு செய்துகொள்வதும் அவசியம். முன்பாதத்தில் பாரத்தை ஊன்றி எழுந்தால் புதிதாகப் பொருத்திய எலும்பு அசைந்துவிடக்கூடும். சுமார் 2 வாரத்தில் தையல் பிரிப்பார்கள். வைத்தியர் சொன்ன நாளிலிருந்து பெருவிரலைக் கையால் பிடித்து மெல்ல மேலும் கீழும் மடக்கிப் பழக்க வேண்டும். வலிக்கு அஞ்சி இதைக் கைவிட்டவர்களுக்கு விரல் நேராக இருந்தும் மூட்டு இறுகிப்போகிறது. 6 வாரத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடியிருந்தால், அகன்ற மிருதுவான காலணிக்கு மாறலாம்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 4 வாரத்திலும், நின்று செய்யும் வேலைக்கு 6 முதல் 12 வாரத்திலும் திரும்பலாம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் இடக்காலின் விரல்களே கியரை உயர்த்துகின்றன, வலக்கால் பிரேக்கை மிதிக்கிறது. ஆகவே எந்தக் காலில் சிகிச்சை நடந்தாலும், அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்க முடியும் வரையில், அதாவது பொதுவாக 6 வாரத்துக்குக் குறையாமல், வண்டியைத் தொடலாகாது. ஓட்டமும் விளையாட்டும் 3 முதல் 6 மாதத்துக்குப் பிறகே. வீக்கமோ எல்லாவற்றுக்கும் பின்தங்கி, பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரையிலும், மாலை நேரங்களில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு கால்களிலும் கோணல் இருந்தாலும் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே பெரும்பாலோருக்குச் சௌகரியம்.

விக்கினங்களும் பலனும்

பலனைப் பற்றிய சாட்சியங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்லாந்து தேசத்தில் 209 நோயாளிகளைச் சஸ்திர சிகிச்சை, தாங்கு அட்டை, காத்திருத்தல் என்று மூன்று பிரிவாக்கி நடத்தி 2001-இல் வெளியிட்ட பரீட்சையில், ஓராண்டின் முடிவில் சஸ்திர சிகிச்சை பெற்றவர்களே மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். அதே சமயம், பல பரீட்சைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, கோணமும் வலியும் குறைந்த பிறகும் 25 முதல் 33 சதவீதத்தினர் திருப்தியடையவில்லை என்று எடுத்துக் காட்டியது. விரும்பிய செருப்பையெல்லாம் இனி அணியலாம், கால் இளமைப் பருவத்துக் காலாகிவிடும், ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துபோகும் என்றெல்லாம் எண்ணி வந்தவர்களுக்கு, வலி குறைந்ததும்கூட ஏமாற்றமாகவே தோன்றக்கூடும்.

விக்கினங்களும் உண்டு. காயத்தில் சீழ் பிடிக்கலாம்; பெருவிரலின் ஓரத்தில் நரம்பு மரத்துப்போகலாம்; மூட்டு இறுகலாம்; கோணல் திரும்பலாம்; அளவுக்கு மீறி நிமிர்த்தியதால் விரல் எதிர்ப்பக்கம் சாயலாம்; முதல் எலும்பு குட்டையாகிவிட்டால் பாரம் இரண்டாம் விரலின் அடிக்கு மாறி அங்கே புது வலி தோன்றலாம்; எலும்பு கூடத் தாமதிக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகிறது என்பதால், சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே புகையை விட்டுவிட வேண்டும். காய்ச்சல், காயக் கட்டில் நாற்றம் அல்லது கசிவு, உயர்த்தியும் தணியாத வலி, கெண்டைக்கால் வீங்கி நோதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் வரையில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், எந்த முறை, ஏன் அந்த முறை, எத்தனை நாள் பாரம் வைக்கலாகாது, அம்முறையை அவர் எவ்வளவு காலமாகச் செய்து வருகிறார், கோணல் திரும்பினால் என்ன செய்வது என்று வைத்தியரிடம் கூசாமல் கேளுங்கள். வீட்டில் ஆறு வாரத்துக்குச் சமையலையும் குழந்தைகளையும் யார் கவனிப்பது என்று குடும்பத்தாரோடு பேசி முடிவு செய்த பிறகே நாள் குறியுங்கள். நம் பெண்கள் பலர், கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அடுப்படியில் நின்று, கிடைத்த பலனைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை உட்கார வைப்பது கணவரும் பிள்ளைகளும் செய்ய வேண்டிய கடமை. வலி இல்லாதவர்கள் அகன்ற செருப்போடு நிம்மதியாக நடக்கட்டும். வலியால் நடையே தடைப்பட்டவர்கள் வீணாகச் சகித்துக்கொண்டிராமல், ஆறு வாரப் பொறுமையையும் ஆறு மாத நிதானத்தையும் தயார் செய்துகொண்டு, எலும்புச் சஸ்திர வைத்தியர் ஒருவரை அணுகட்டும்.